கடல் எவ்வளவு ஏறும்?

மாரிகாலம் பிறந்துவிட்டால் நம் வீட்டு வானொலிக்கு ஓய்வு கிடைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்றும் வங்காள விரிகுடா தன் குணத்தைக் காட்டும் மாதங்கள். அங்கே எங்கோ ஒரு தாழமுக்கம் தோன்றியிருக்கிறது என்று செய்தி வந்தால், கைவேலையை ஒருபுறம் வைத்துவிட்டுச் செவியைக் கூர்மையாக்கிக்கொண்டு உட்காருவது நம் வழக்கம்.

அத்தகைய மாலையொன்றில் அயல் வீட்டு ஆச்சி நம் திண்ணையில் வந்தமர்ந்தார். மன்னார்க் கரையோரத்துச் சிற்றூர் ஒன்றிலே பிறந்து வளர்ந்தவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அறிவிப்பாளர் காற்றின் வேகத்தைச் சொன்னார். மழை எத்தனை மில்லிமீற்றர் பெய்யக்கூடும் என்று சொன்னார். மீனவர்கள் கடலுக்குச் செல்லலாகாது என்றும் சொல்லி முடித்தார். ஆச்சி வெற்றிலையை மடித்தபடியே நம்மைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, காத்து எவ்வளவு அடிக்கும் எண்டு சொல்லிப்போட்டான். மழை எவ்வளவு பெய்யும் எண்டும் சொல்லிப்போட்டான். கடல் எவ்வளவு ஏறும் எண்டு சொல்லேல்லையே?"

நாம் விடை கூற இயலாது விழித்தோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. உலகத்துக் கடலாராய்ச்சியாளர் பலர் எழுபது ஆண்டுகளாகக் கணக்குப் போட்டு விடை தேடி வரும் கேள்வியையே ஆச்சி வெற்றிலைத் தட்டத்தின் முன்னிருந்து கேட்டுவிட்டார் என்பது பின்னர்தான் நமக்கு விளங்கிற்று. அதனையே இவ்வாரம் நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

ஓரிரவில் மறைந்த துறை

ஆச்சியின் கேள்வி 1964 ஆம் ஆண்டில் பிறந்தது. அவ்வாண்டு டிசெம்பர் 17 ஆம் திகதி தென் அந்தமான் கடலில் ஒரு தாழமுக்கம் தோன்றியது. இரண்டே நாளில் அது கடும் புயலாகத் திரண்டது. பின்னர் மேற்கு நோக்கி ஏறக்குறைய நேர்கோட்டில் விரைந்து வந்து, 22 ஆம் திகதி நமது நாட்டின் வடபாகத்தை வவுனியாப் பகுதியூடாகக் கடந்து, பாக்குக் கடலில் இறங்கிற்று. அன்றிரவே இராமேஸ்வரத் தீவின் முனையிலிருந்த தனுஷ்கோடியைத் தாக்கிற்று.

தனுஷ்கோடி என்ற பெயரை நம் மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1914 ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து அரை நூற்றாண்டுக் காலம், சென்னையில் புகையிரதம் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் கரைசேர்ந்து, மீண்டும் புகையிரதத்தில் கொழும்புக்கு வந்தார். இரு நாட்டு உறவினரும் வணிகரும் யாத்திரிகரும் கால் வைத்த துறை அது. அந்தத் துறை ஓரிரவில் இல்லாமற் போயிற்று. நள்ளிரவுக்குச் சற்று முன்னர் பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி தனுஷ்கோடியை நெருங்கிய வேளையில் கடல் அதனை வாரிக்கொண்டது. அதிலிருந்தவர் நூற்றுக்கும் மேற்பட்டோர். அப்புயலில் மாண்டவர்களின் தொகை ஏறக்குறைய 1,800 என்று மதிப்பிடப்படுகின்றது. நீர் 7 மீற்றர், அதாவது 23 அடி வரை எழுந்ததாகப் பதிவுகள் கூறும். அதன்பின் அவ்வூர் மனிதர் வாழத் தகுதியற்றது என்று சென்னை அரசு அறிவித்தது. தேவாலயத்தின் சுவர்களும் புகையிரத நிலையத்தின் எச்சங்களும் இன்றும் மணலில் நிற்கின்றன.

புயல் என்றதும் நாம் காற்றையே நினைக்கின்றோம். கூரை பறப்பதும் பனை முறிவதும் நம் கண்முன் வருகின்றன. ஆனால் தனுஷ்கோடியை அழித்தது கடல். உலகின் பெரும் புயல்களிலே கரையோர மக்களை அதிகமாகக் கொன்றதும் நீரே.

இது எத்தகைய வெள்ளம்?

இதற்கு நம்மவர் பல பெயர் இடுகின்றனர். புயல் அலை என்பர் சிலர். கடற்கொந்தளிப்பு என்பர் வேறு சிலர். ஆச்சி 'கடல் ஏறிப்போட்டுது' என்கிறார். நமக்கு ஆச்சியின் சொல்லே பொருத்தமாகப் படுகின்றது. ஆகவே இக்கட்டுரையில் இதனைக் கடலேற்றம் என்றே குறிப்போம்.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி நம் நாட்டில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன ஆழிப்பேரலை வேறு, கடலேற்றம் வேறு. முன்னது கடலடி நிலநடுக்கத்தால் விளைவது. வானம் தெளிந்திருக்கும் காலையிலும் வந்துவிடும். பின்னது புயலோடு வருவது. கடலின் மட்டமே மெல்ல மெல்ல உயர்ந்து, பல மணி நேரம் உயர்ந்தே நின்று, அதன் மேல் அலைகளும் ஏறி வந்து அடிக்கும். அலை என்றால் வந்து திரும்பிவிடும். கடலேற்றமோ வந்து தங்கிவிடும். ஒரு கன மீற்றர் கடல்நீர் ஒரு தொன்னுக்கு மேல் நிறையுடையது. முழங்காலளவு நீர் வேகமாக ஓடினால் வளர்ந்த ஆள் ஒருவரும் நிலைதடுமாறுவார். குழந்தைகளையும் முதியோரையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கடலை ஏறச் செய்பவை இரண்டு. முதலாவது அமுக்கக் குறைவு. புயலின் மையத்தில் காற்றமுக்கம் குறைந்திருப்பதால், அங்கே கடல் சற்று மேலெழுகின்றது. ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் உயரும். ஐம்பது மில்லிபார் குறைந்த கொடிய புயலிலும் இதனால் வரும் உயர்வு ஒன்றரை அடிக்குச் சற்று அதிகம், அவ்வளவே. எஞ்சியதெல்லாம் இரண்டாவது காரணமாகிய காற்றின் வேலை. காற்று கடலின் மேற்பரப்பை உராய்ந்து நீரைத் தள்ளிக்கொண்டு போகின்றது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தட்டும் கிணறும்

ஒரு சிறு பரீட்சை செய்து பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வைத்துச் செய்யலாம். சாப்பாட்டுத் தட்டிலே சிறிது நீர் வார்த்து ஒரு புறமிருந்து ஊதுங்கள். நீர் மறுபுறம் சென்று விளிம்பில் ஏறி நிற்கும். இப்புறம் தட்டு வறண்டுபோகும். அதே மூச்சை ஒரு வாளி நீரின் மேல் ஊதுங்கள். மேலே சிற்றலை தோன்றுமேயன்றி, மறுபுறம் நீர் ஏறியதாகத் தெரியாது. கிணற்று நீரை ஊதினால் அதுவுமில்லை.

காரணம் எளிது. ஆழமான நீரில், மேலே தள்ளப்பட்ட நீர் கீழ்வழியாகத் திரும்பிவிட இடமுண்டு. ஆழங்குறைந்த நீரில் அந்த வழியில்லை. தள்ளப்பட்ட நீர் கரையிலே குவிவதைத் தவிர வேறு கதியில்லை. ஆகவே கடல் எவ்வளவு ஆழங்குறைந்ததோ அவ்வளவு அதிகமாக ஏறும்.

இப்போது பாக்குக் கடலைப் பாருங்கள். அதன் பெரும்பாகத்தில் ஆழம் நாற்பது அடியைத் தாண்டுவதில்லை. அதன் தென் விளிம்பை இராமேஸ்வரத் தீவும், இராமர் அணையின் மணற்றிட்டுகளும், மன்னார்த் தீவும் வேலிபோல் அடைத்து நிற்கின்றன. வடகோளத்தில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையாகச் சுழலும். எனவே கிழக்கிலிருந்து ஒரு புயல் வரும்போது, அதன் முன்புறத்துக் காற்று வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வீசும். தட்டு நீரை விளிம்புக்கு ஊதுவது போன்றதே இது. 1964 இல் அந்த விளிம்பிலே தான் தனுஷ்கோடி இருந்தது. ஆச்சியின் ஊரும் அந்த விளிம்பிலே தான் இருக்கின்றது.

நமது கிழக்குக் கரையோ வேறு விதம். அங்கே கரையிலிருந்து சிறிது தொலைவு சென்றதும் கடலடி செங்குத்தாக ஆழத்தில் இறங்கிவிடுகின்றது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் ஏறக்குறைய 900 பேர் மாண்டனர், தென்னந்தோப்புகள் தரைமட்டமாயின. அங்கும் கடல் ஏறியது உண்மையே. எனினும் அங்கே பெருநாசம் விளைத்தது காற்றே. ஒரே தீவின் இரு கரைகளில் கடலடியின் வடிவம் இவ்வளவு வேற்றுமையைச் செய்துவிடுகின்றது.

மாலைதீவைப் போன்ற பவளத் தீவுகளுக்கு வேறொரு கணக்கு உண்டு. சுற்றிலும் ஆழமான கடல் இருப்பதால் காற்றுத் தள்ளும் நீர் அங்கே அதிகம் குவிவதில்லை. ஆயினும் பெரிய அலைகள் பவளப் பாறையின் மேல் வந்து உடையும்போது, அவை கொணர்ந்த நீர் பாறைக்கும் கரைக்கும் இடையே சேர்ந்து ஏறிவிடும். ஆகவே 'புயல் வருகின்றது, கடல் இத்தனை அடி ஏறும்' என்று எல்லாத் தீவுக்கும் பொதுவாக ஒரு விதி சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு கரைக்கும் தனித்தனியே கணக்குப் பார்த்தாக வேண்டும்.

கணக்குப் பிறந்த கதை

அந்தக் கணக்கின் அவசியத்தை ஐரோப்பாவுக்கு உணர்த்தியது 1953 ஆம் ஆண்டு. ஜனவரி 31 ஆம் திகதி இரவு வடகடலில் எழுந்த புயல், நீரைத் தெற்கே தள்ளி வந்தது. ஒல்லாந்தில் 1,836 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் சீலந்து மாகாணத்தின் தாழ்ந்த தீவுகளில் வாழ்ந்தவர்கள். இங்கிலாந்தில் 307 பேர் மாண்டனர். தேம்ஸ் நதி முகத்திலுள்ள கான்வேத் தீவில் மட்டும் 58 பேர்.

அந்த இரவின் கதையிலே நம் நெஞ்சைச் சுடும் பகுதி ஒன்றுண்டு. இங்கிலாந்தின் கீழைக்கரையில் வடக்கே இருந்த ஊர்களைக் கடல் மாலை ஏழு மணியளவிலேயே மூடிவிட்டது. கான்வேத் தீவுக்கு அது வந்து சேர்ந்தது நள்ளிரவுக்குப் பின். இடையே மணிக்கணக்காக அவகாசம் இருந்தது. தெற்கே இருந்தவர்களுக்குத் தக்கபடி ஒரு சொல் சென்று சேரவில்லை. மக்கள் படுக்கையிலேயே நீரைக் கண்டனர். ஒல்லாந்திலோ வானிலை அறிஞர் எச்சரிக்கை விடுத்திருந்தனர். ஆனால் இரவில் வானொலி ஒலிபரப்பு நின்றுவிடுவது அக்காலத்து வழக்கம். வானொலி உறங்கிற்று; கடல் உறங்கவில்லை.

இதன்பின் ஒல்லாந்தர் பெரும் அணைகளைக் கட்டத் தொடங்கினர். அறிஞர்களோ கணக்கைக் கையில் எடுத்தனர். ஜெர்மனியில், ஹம்பேர்க் நகரைச் சேர்ந்த வால்ற்றர் ஹன்சன் என்பவர், 1953 ஆம் ஆண்டின் கடலேற்றத்தை எண்முறையாகக் கணித்துக் காட்டி 1956 இல் வெளியிட்டார். அமெரிக்காவில் செஸ்ரர் ஜெலெஸ்னியான்ஸ்கி என்பவர் சூறாவளிகளுக்கென ஒரு முறையை வகுத்தார். வங்காள விரிகுடாவுக்குரிய கணிப்பு முறை ஒன்றை இந்திய வானிலை அறிஞர் பி. கே. தாஸ் 1972 இல் வெளியிட்டார். 1970 நவம்பர் 12 ஆம் திகதி இரவு போலாத் தீவையும் அதன் அயற்றீவுகளையும் கடல் மூடி, மூன்று இலட்சத்துக்குக் குறையாத மக்கள் மாண்ட பேரழிவு நிகழ்ந்து அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

கரைவலை போல ஒரு வலை

அந்தக் கணக்கு எத்தகையது? பெரிய பெரிய சமன்பாடுகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அடிப்படையில் அது வீட்டு வரவு செலவுக் கணக்கே. கடலின் படத்தை எடுத்துச் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கின்றனர். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆழம் எவ்வளவு என்று எழுதிக்கொள்கின்றனர். காற்று இந்தக் கட்டத்து நீரை எப்பக்கம் எவ்வளவு தள்ளுகின்றது, கடலடி எவ்வளவு தடுக்கின்றது, பூமியின் சுழற்சி எவ்வளவு திருப்புகின்றது என்று பார்க்கின்றனர். பின்னர், ஒரு கட்டத்துக்குள் வந்த நீர் எவ்வளவு, வெளியே போன நீர் எவ்வளவு என்று கழித்துப் பார்க்கின்றனர். வரவு மிகுந்தால் அந்தக் கட்டத்தில் கடல் ஏறும். செலவு மிகுந்தால் இறங்கும். சில வினாடி கழித்து நிலைமை என்ன என்று மறுபடியும் இதே கணக்கு. இப்படிப் பல்லாயிரம் கட்டங்களுக்கு, இரண்டு மூன்று நாளுக்குப் போட்டுக்கொண்டே போக வேண்டும். மனிதர் கையாற் செய்தால் புயல் வந்து போய்ப் பல்லாண்டாகியும் கணக்கு முடியாது. கணினி அதனைச் சில மணி நேரத்தில், சில வேளை சில நிமிடங்களில் முடித்துவிடுகின்றது.

நம் கரைவலையைக் கண்டிருப்பீர்கள். அதன் இரு கைகளிலும் கண்கள் பெரிதாக இருக்கும். மீன் வந்து சேரும் மடியிலே கண்கள் மிகச் சிறிதாக இருக்கும். முழுவலையையும் சிறு கண்ணாகப் பின்னினால் பாரம் தாங்காது. முழுவதையும் பெருங்கண்ணாகப் பின்னினால் மீன் நில்லாது. இக்காலத்துக் கடற்கணக்கும் அவ்வாறே. நடுக்கடலில் பல மைல் அகலமுள்ள கட்டங்கள். கரைக்கு வரவரச் சிறுத்து, களப்பு முகத்திலும் கால்வாயிலும் சில நூறு அடி அளவே உள்ள கட்டங்கள். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடற்றகவல் நிலையம் இத்தகைய முக்கோண வலையினைக் கொண்டே கடலேற்றத்தைக் கணித்து வருகின்றது. புதுடில்லியிலுள்ள பிராந்தியப் புயல் நிலையம், நம் நாடு உட்பட விரிகுடாவைச் சூழ்ந்த நாடுகளுக்கு இவ்வகைக் கணிப்பைக் குறிப்பாக அனுப்பி வைக்கின்றது. ஆகவே ஆச்சியின் கேள்விக்கு விடை காண வழியே இல்லை என்று இன்று எவரும் சொல்ல முடியாது.

கணக்கு எங்கே பிழைக்கும்?

எனினும் கணிதத்தைக் கண்மூடி வழிபடவும் கூடாது. அது பிழைக்கும் இடங்கள் இரண்டு.

ஒன்று, புயலின் பாதை. நாளைக்குப் புயல் எங்கே கரையேறும் என்று இன்று சொல்லும்போது சில பத்து மைல் தவறுவது இன்றும் இயல்பே. காற்றைப் பொறுத்தவரை அது பெரிதன்று. கடலேற்றத்துக்கோ அதுவே வாழ்வும் சாவும். மையத்தின் ஒரு புறத்தில் காற்று நீரைக் கரைக்குத் தள்ளும். மறுபுறத்தில் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். புயல் நாற்பது மைல் தள்ளிப்போனால், இருபதடி நீர் வரும் என்று அஞ்சியிருந்த ஊரில் கடல் வற்றிக் கிடக்கவும் கூடும். ஆகையால் அறிஞர்கள் ஒரே பாதையை நம்பாது, புயல் சற்று வடக்கே போனால், சற்றுத் தெற்கே போனால், சற்று வலுத்தால் என்று பல பாதைகளுக்கும் கணக்குப் போட்டு, வரக்கூடிய உயரத்தை ஓர் எல்லைக்குள் வைத்துச் சொல்கின்றனர். 'எட்டடி முதல் பன்னிரண்டடி வரை' என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியவில்லை என்று எள்ளி நகையாடாதீர்கள். உள்ளதை உள்ளவாறு சொல்வதே அது. நீங்கள் பன்னிரண்டுக்கே ஆயத்தமாயிருங்கள்.

மற்றொன்று, ஆழமும் தரையும். கட்டத்தில் எழுதிய ஆழம் பிழையானால் வரும் விடையும் பிழையே. மணற்றிட்டு நகரும், களப்பின் வாய் திறக்கும், மூடும், இறால் பண்ணைக்காகக் கண்டற்காடு அழிக்கப்படும், புதிய பாலமும் தாம்போதியும் நீரோட்டத்தை மறிக்கும். பழைய படத்தை வைத்துக்கொண்டு புதிய கடலைக் கணிக்க முடியாது. அளவெடுக்கும் வேலைக்குப் பாராட்டு விழா நடப்பதில்லை. பத்திரிகையில் படமும் வருவதில்லை. ஆயினும் அந்த வேலை ஒழுங்காக நடந்த கரைக்கே கணினி உண்மை சொல்லும்.

சொல் தவறினால்

கணக்குச் சரியாகவே இருந்தும் மக்கள் மாண்ட கதைகள் உண்டு. அவையே நம்மை அதிகம் வருத்துகின்றன.

ஹன்சன் தம் கணக்கை வெளியிட்டு ஆறு ஆண்டு சென்றபின், 1962 பெப்ரவரியில், அவருடைய ஹம்பேர்க் நகரையே கடலேற்றம் ஆற்றுவழியாக வந்து தாக்கியது. நகரத்தில் 315 பேர் மாண்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் வில்ஹெல்ம்ஸ்பேர்க் என்னும் ஆற்றுத் தீவில் வாழ்ந்தவர்கள். வடகடற் கரைக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் நகரத்தார், 'அது கடற்கரைக்காரருக்குச் சொன்னது. கடல் நமக்கு அறுபது மைலுக்கு அப்பால் அல்லவா இருக்கின்றது' என்று எண்ணிப் படுத்துறங்கினர்.

2013 நவம்பர் 8 ஆம் திகதி பிலிப்பைன்ஸ் நாட்டின் லெய்தேத் தீவிலுள்ள தக்லோபான் நகரைத் தாக்கிய ஹையான் புயலின் கதை இதனிலும் கொடியது. கடல் 7 மீற்றர் வரை ஏறக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. எண் பெரிதும் பிழைக்கவில்லை. ஆனால் அறிவிப்பில் வந்த சொல் 'ஸ்ரோம் சேர்ஜ்' என்னும் ஆங்கிலச் சொல். மக்களுட் பலருக்கு அது இன்னதென்று விளங்கவில்லை. 'சுனாமி போல நீர் வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்' என்று உயிர் தப்பியோர் பலர் பின்னர் கூறினர். காற்றுக்கு அஞ்சி உறுதியான கட்டடங்களில் ஒதுங்கியவர்களுட் சிலரும் நீரில் மாண்டனர். அப்புயலில் இறந்தோர் 6,300க்கும் மேற்பட்டோர்.

அதே புயலின் போது அதே நாட்டில் வேறொன்றும் நிகழ்ந்தது. துலாங் டியோட் என்பது ஒரு சின்னஞ்சிறு தீவு. அங்கே வாழ்ந்தோர் ஏறக்குறைய ஆயிரம் பேர். புயலுக்கு முதல் நாளே அத்தனை பேரையும் படகேற்றி அயலிலிருந்த பெரிய தீவுக்குக் கொண்டுசென்றனர். புயல் முடிந்து திரும்பி வந்து பார்த்தபோது அங்கே வீடுகள் இல்லை. ஆனால் ஓர் உயிரும் போகவில்லை. அவ்வூரார் பல ஆண்டுகளாகவே ஆபத்தைப் பற்றிக் கூடிப் பேசிப் பழகியிருந்தனர் என்பதே காரணம்.

போலாத் தீவு இன்று அடங்கியுள்ள வங்காளதேசமும் இந்தப் பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் என வகுத்த எச்சரிக்கை எண்கள் 1970 இல் குடிசையிலிருந்தவருக்கு எதனையும் உணர்த்தவில்லை. அதன்பின் அங்கே அமைக்கப்பட்ட தொண்டர் படையில் இன்று எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் உள்ளனர், பாதிப்பேர் பெண்கள். ஒலிபெருக்கியும் கொடியும் ஏந்தி வீடு வீடாகச் சென்று, அயலவர் மொழியிலே சொல்லி, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகின்றனர். இந்தியாவின் ஒடிசாக் கரையில் 1999 ஆம் ஆண்டுப் புயலில் ஏறக்குறைய பதினாயிரம் பேர் மாண்டனர். 2013 இல் பைலின் என்னும் புயல் வந்தபோது ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் முன்கூட்டியே அகற்றப்பட்டனர். இறந்தோர் தொகை ஐம்பதைத் தாண்டவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது நமக்கு ஒன்று தெளிவாகின்றது. கணக்குக் கணினியில் தொடங்கினாலும் அங்கே முடிவதில்லை. அது கரையிலுள்ள ஒரு வீட்டு வாசற்படியில் வந்து முடிய வேண்டும். 'மூன்று மீற்றர்' என்பது அறிஞருக்கு விடை. 'உங்கள் வீட்டு நிலையின் மேற்சட்டத்துக்கும் மேலே நீர் நிற்கும். மாலை ஐந்து மணிக்குள் பாடசாலை மேட்டுக்குப் போய்விடுங்கள்' என்பதே ஆச்சிக்கு விடை.

பனைமரத்து வெட்டு

சில நாள் கழித்து, நாம் படித்தறிந்தவற்றை ஆச்சியிடம் எடுத்துரைத்தோம். தட்டில் நீர் வார்த்து ஊதியும் காட்டினோம். பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு அவர் சொன்னார்:

"உதெல்லாம் எங்கட அப்புவுக்குத் தெரியும் தம்பி. அறுபத்திநாலாம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு, தண்ணி நிண்ட உயரத்துக்கு வளவுப் பனையிலை கத்தியாலை ஒரு வெட்டு வெட்டி வைச்சவர். 'இதுக்குக் கீழை ஒருத்தரும் படுக்கக் கூடாது' எண்டு சொல்லுவார். கிணறு உப்பாப்போய், கன நாளாய்க் குடிக்கத் தண்ணி இல்லை."

"அந்தப் பனை இப்போது நிற்கின்றதா, ஆச்சி?" என்று ஆவலோடு கேட்டோம்.

"எங்கை தம்பி! அது எப்பவோ தறிச்சாச்சு."

நாம் சிறிது நேரம் பேசாதிருந்தோம். ஏனெனில் கடற்கணக்குப் போடுவோர் தம் கணக்குச் சரிதானா என்று எவ்வாறு சோதிக்கின்றனர் என்பதை அப்போதுதான் படித்திருந்தோம். பழைய புயலொன்றை எடுத்து, கணினியில் மீண்டும் வீசச் செய்து, வரும் விடையை அன்று நீர் நின்ற அடையாளங்களோடு ஒப்பிடுவார்கள். கோயிற் சுவரின் கறை, பழைய வீட்டு நிலையின் கோடு, முதியவர் ஒருவர் 'இதுவரை வந்தது' என்று காட்டும் இடம் ஆகியனவே அவர்களுக்கு உரைகல். அந்தப் பனைமரத்து வெட்டு அத்தகையதோர் உரைகல்லாக இருந்தது. அறியாமலே அதனை விறகாக்கிவிட்டோம்.

ஆகவே கரையோரங்களில் வாழும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் 1964 ஐயோ 1978 ஐயோ கண்ட முதியவர் எவரேனும் இருந்தால், இந்த வாரமே அவரருகில் அமர்ந்து கேளுங்கள். நீர் எதுவரை வந்தது, எப்பக்கமிருந்து வந்தது, எத்தனை நாழிகை நின்றது என்று எழுதி வையுங்கள். இடத்தைக் கேட்டு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த பூமிசாத்திரப் பாடம் கிடையாது. உங்கள் வீட்டுத் தரை சாதாரணப் பெருக்கு மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கின்றது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அதனை அறியாதவருக்கு, நாளை வானொலியில் எத்தனை அடி என்று சொன்னாலும் அது வெறும் எண்ணே.

கிராம சேவையாளருக்கும் ஒரு சொல். கரையிலே நடப்படும் ஒரு கம்பத்துக்கும், அதில் இடப்படும் மூன்று நிறக் கோட்டுக்கும் செலவு அதிகமில்லை. 'சிவப்புக் கோடு வரை வரும்' என்று அறிவித்தால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்.

சென்ற கிழமை ஆச்சியின் பேரன் நம் வீட்டுக்கு வந்தான். கையிலே ஓர் அப்பியாசக் கொப்பியும் அளவு நாடாவும் இருந்தன. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறானாம். அந்தப் பனை நின்ற அடி எங்கே என்று ஆச்சி சொல்லியனுப்பியிருக்கிறார். வெட்டு அவருடைய தந்தையாரின் நெஞ்சளவில் இருந்ததாம். "அப்பு நல்ல உயரம்" என்றும் சொல்லியிருக்கிறார். நெஞ்சளவு என்றால் எத்தனை அடி என்று எழுதுவது என அவன் நம்மிடம் கேட்டான்.

நாலரை அடி என்று எழுதி, பக்கத்திலே 'ஆச்சி சொன்னது' என்றும் எழுதச் சொன்னோம்.